அந்நிய அறையில் அரைத் தூக்கம்

நெடும்பயணத்தின் நடுவே விடுதி அறையொன்றில் கழியும் முதல் இரவு ஏன் அமைதியற்றதாகிறது என்ற கேள்விக்கான விடையைத் தூக்க ஆய்வியல், படுத்திருப்பவரின் மூளையிலேயே கண்டிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பனிச்சங்கேணிக்கு வரும் ஒருவர், வளைகுடா நகரொன்றில் விமானம் மாறி, கட்டுநாயக்கவில் இறங்கி, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தரைவழியையும் கடக்க வேண்டியிருப்பதால், இடையில் எங்காவது ஓர் இரவு தங்க நேர்கிறது. உடம்பு அசந்துபோயிருந்தும் கண் மூடுவதில்லை. குளிரூட்டி நின்று மறுபடி இயங்கும் ஓசையும் பக்கத்து அறைத் தாழ்ப்பாளின் சத்தமும் அவரை உலுக்கி எழுப்புகின்றன, அறையில் ஏதோ சரியில்லை என்ற ஐயமும் தோன்றிவிடுகிறது.

ஆய்வாளர்கள் இதனை ‘முதல்நாள் இரவு விளைவு’ என்பர். 1966 இல் அக்நியூ, வெப், வில்லியம்ஸ் ஆகியோர் ஆய்வுகூடத்தில் தொடர்ந்து நான்கு இரவுகள் தூங்கியவர்களின் மூளை மின்னலைகளைப் பதிந்தபோது, முதல் இரவில் விழிப்புகள் மிகுந்தும் கனவுத் தூக்கம் குறைந்தும் இருந்ததைக் கண்டனர். அதன்பின் முதல் இரவின் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது ஆய்வுகூடங்களில் வழக்கமாயிற்று. அவ்வாறு ஒதுக்கப்பட்ட இரவையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டவர்கள், அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாக்கோ தமாக்கி, யூக்கா சசாக்கி உள்ளிட்ட குழுவினர். 2016 இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, ஆழ்துயிலுக்கு அடையாளமான மெதுவான, உயரமான மின்னலைகள் முதல் இரவில் மூளையின் வலப் பாதியைவிட இடப் பாதியில் வலுக்குறைந்திருந்தன. அதிலும், மனம் எந்த வேலையிலும் ஈடுபடாதபோது இயங்கும் ‘இயல்புநிலை வலையமைப்பு’ என்னும் பகுதியிலேயே இவ்வேறுபாடு காணப்பட்டது. ஒரே மாதிரியான ஒலிகளுக்கிடையே எப்போதாவது வேறு சுருதியில் ஓர் ஒலி எழுந்தபோது இடப் பாதியே அதைக் கூர்மையாக உணர்ந்தது. இடப் பாதியோடு நெருங்கிய தொடர்புள்ள வலக் காதில் விழுந்த அந்நிய ஒலியே தூங்கியவர்களை அதிகம் எழுப்பியது. சில நாட்கள் கழித்து அவர்கள் அதே அறையில் மீண்டும் தூங்கியபோது இவ்வேறுபாடு மறைந்திருந்தது. அளக்கப்பட்டது இரவின் தொடக்கத்தில் வரும் ஆழ்துயில் மட்டுமே என்பதால், இடப் பாதிதான் விடியும்வரை காவல் நிற்கிறது என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது பொருந்தாது.

மனிதரில் மங்கலாகத் தெரியும் இந்த ஏற்பாடு பறவைகளில் முழுமையாகவே உள்ளது. நீல்ஸ் றாட்டன்போர்க்கும் அவரது குழுவினரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், வரிசையாக உறங்கவைக்கப்பட்ட வாத்துகளுள் நடுவில் இருந்தவற்றைவிட ஓரத்தில் இருந்தவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவைத்து ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தன. திறந்த கண்ணும் பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளிப்புறத்தையே நோக்கியிருந்தது. மாரிக்காலத்தில் மத்திய ஆசிய வலசைப்பாதை வழியாக இலங்கையின் களப்புகளை வந்தடையும் வாத்தினங்களும் நெடும்பயணிகளே என்பதை எண்ணும்போது, பனிச்சங்கேணிக் களப்பின் கரைக்கு வந்துசேரும் மனிதப் பயணியின் அரைத் தூக்கம் விந்தையாகத் தோன்றவில்லை. புதிய இடத்தில் முழுமையாக உறங்கிவிடாதிருப்பது உயிரினங்கள் பலவற்றின் பழைய தற்காப்பு.

இந்த விழிப்போடு இன்னொரு சிக்கலும் கலந்துவிடுகிறது. மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள இரண்டு சிறிய நரம்புக் கருக்களே உடலின் உயிர்க்கடிகாரம்; ஒளியைக் கொண்டு நேரத்தை அறியும் இக்கடிகாரம், தூக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின் சுரப்பையும் உடல் வெப்பத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. கனடாவின் குளிர்காலத்தில் ரொறன்ரோ இலங்கையைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், வாழைச்சேனைக்கு அருகிலுள்ள பாசிக்குடாவின் விடுதியொன்றில் இரவு 11 மணிக்கு விளக்கை அணைப்பவரின் உடம்புக்கு அது பட்டப்பகல் பன்னிரண்டரை மணி. கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகரக்கூடியது என்பதால் இது சீராக ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். முதல்நாள் இரவு விளைவோ பெரும்பாலும் ஓரிரு இரவுகளில் தணிந்துவிடும். இரண்டையும் பிரித்தறியாமல் அறையின்மேல் பழிபோடுவதும், அறை மாற்றுவதும் பயன் தருவதில்லை.

‘பேய் அமுக்குகிறது’ என்று சொல்லப்படுவதும் இத்தகைய இரவுகளில் நேரலாம். கனவுத் தூக்கத்தில் மூளைத்தண்டு கைகால் தசைகளை இயங்கவிடாமல் தடுத்துவைக்கிறது; அந்தத் தடை நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், அசைய முடியாமையும் நெஞ்சின்மேல் பாரமும் யாரோ அருகில் நிற்பதான உணர்வும் ஒருங்கே தோன்றும். தூக்கமின்மையும் மல்லாந்து படுப்பதும் இதற்கு வழிவகுக்கும்; சில வினாடிகளிலோ நிமிடங்களிலோ அது தானாகவே விலகிவிடும்.

எனவே இரண்டு இரவுகளை இரண்டு ஊர்களில் கழிப்பதைவிட ஒரே இடத்தில் கழிப்பது நல்லது. பழகிய போர்வையும் காதடைப்பானும் கொண்டுவருவது ஓரளவு உதவக்கூடும். ஆயினும் உண்மையில் அஞ்சவேண்டியது அடுத்த நாள் பிற்பகலையே. இலங்கையில் 3 மணி என்பது ரொறன்ரோவில் அதிகாலை நாலரை, அதாவது உடல் வெப்பம் தாழ்ந்து விழிப்பு மிகவும் மங்கும் வேளையாதலால், முதல் இரவைத் தூங்காமல் கழித்த ஒருவர் அந்நேரத்தில் பொலன்னறுவைக்கு அப்பாலுள்ள நீண்ட நேர்வீதியில் வாகனத்தைத் தாமே ஓட்டிச் செல்வது உயிராபத்தானது.