எத்தனையாம் வட்டாரம்?

புங்குடுதீவார் இருவர் வெளியூரில் சந்தித்தால் ஊரைக் கேட்பதோடு பேச்சு நிற்பதில்லை. "எத்தனையாம் வட்டாரம்?" என்ற கேள்வி கூடவே வரும். அத்தீவில் 12 வட்டாரங்கள். எண்ணைச் சொன்னாலே போதும். இன்னாருடைய பிள்ளை, இன்ன ஒழுங்கை, இன்ன நல்ல தண்ணீர்க் கிணறு என்று மற்றவர் விளங்கிக்கொள்வார். அம்மன் கோயிலும் நாக விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு தரையில் நிற்கும் நயினாதீவிலும் வட்டாரக் கணக்குத்தான்.

ஜப்பானின் பெருநகரங்களும் வட்டாரங்களாகவே பிரிக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் மொழியில் அதற்கு 'கு' என்று பெயர். கோபே நகரில் அப்படி 9 வட்டாரங்கள். அவற்றில் ஒன்றில்தான் 1935ஆம் ஆண்டு கட்டப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சிலும் 1995ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியிலும் அது நிலைத்து நின்றதை நம்மவர் வியந்து சொல்வார்கள். அல்லாஹ்வின் நாட்டம்! ஆனால் சகோதரிகளே, அந்நகரில் நாம் படிக்க வேண்டிய பாடம் வேறொன்றும் உண்டு.

1995 ஜனவரி 17 அதிகாலையில் நேர்ந்த அந்த அதிர்ச்சியில் 6,400க்கும் மேற்பட்டோர் மௌத்தாகினர். நகாதா வட்டாரத்தின் பழைய மரவீடுகள் தீப்பற்றி எரிந்தன. வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் தற்காலிக வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. நகரத்தின் நடுவில் போதிய இடம் இல்லாததால், மலைக்கு அப்பால் பரந்து கிடந்த மேற்கு, வடக்குப் புறநகர் வட்டாரங்களிலும் கட்டினார்கள். முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முதலிடம் தந்து, சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான், கூரையும் நல்ல கூரைதான். ஆனால் நாற்பது வருடம் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள் நாலு திசைக்குப் போய்விட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் நடுவே தனித்துப்போன முதியவர்கள் பலர் கதவுக்குள்ளேயே உயிர்விட்டார்கள். சிலருடைய மரணம் நாட்கள் கழித்தே வெளியே தெரிந்தது. இத்தகைய தனிமைச் சாவுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லே உண்டு. 2004ஆம் ஆண்டு நீகாட்டாப் பக்கம் பூமி அதிர்ந்தபோது யாமகோஷி என்ற மலையூரின் மக்களைக் குக்கிராமம் குக்கிராமமாகச் சேர்த்தே குடியமர்த்தினார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம்.

ஊர்காவற்றுறையிலிருந்தோ குறிகட்டுவானிலிருந்தோ பஸ்ஸில் வந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் யாழ் நகரம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் சோனகத் தெரு. பெயரில்தான் தெரு, உண்மையில் பள்ளிவாசல்களும் ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜாப் பெண்கள் பாடசாலையும் அடங்கிய முழு வட்டாரம். தையல்காரரும் நகைக் கடைக்காரரும் இரும்பு வியாபாரிகளும் வாழ்ந்த இடம். யாழ் மாநகர முதல்வராக இருந்த எம்.எம்.சுல்தான் யாழ்ப்பாண முஸ்லிம்களில் ஒருவரே. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரான ஏ.எம்.ஏ. அஸீஸும் இந்தச் சமூகம் தந்த மகன்தான்.

1990 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்தன. ஜின்னா மைதானத்தில் கூடுங்கள் என்றார்கள். இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்பது புலிகளின் கட்டளை. கையில் 150 ரூபாவும் சில உடுப்புகளும் மட்டுமே விடப்பட்டன. வழியில் சோதனை போட்டு நகைகளையும் காணி உறுதிகளையும் பறித்தார்கள். பெண்களின் காதுத் தோடும் தப்பவில்லை. வடமாகாணம் முழுவதும் இப்படி வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். புத்தளம் தில்லையடி, நீர்கொழும்பு, கொழும்பு என்று ஒரே ஒழுங்கையின் குடும்பங்கள் சிதறின. அதற்கடுத்த வருடம் புங்குடுதீவின் தமிழ்ச் சகோதரர்களும் யுத்தத்தால் வீடுகளைப் பூட்டிவிட்டு ஓட நேர்ந்தது. அவர்களுடைய வட்டாரங்களிலும் கூரையற்ற பெரிய கல்வீடுகளை இன்றும் காணலாம்.

பெண்களுக்கு நேர்ந்த நஷ்டத்தைத் தனியே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். சீதனம் கேட்பது மார்க்கத்தில் இல்லாத வழக்கம். மஹர் கொடுப்பதே ஆணின் கடமை. அதை எங்கும் சொல்லத் தயங்கமாட்டேன். ஆயினும் அந்த வழக்கத்தால் நேர்ந்த ஒன்றை மறைக்க முடியாது. வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருந்தது. ராத்தா ஒரு வீட்டில், தங்கச்சி அடுத்த வீட்டில், உம்மா பின் வளவில். பிள்ளைப்பேறானாலும் மையத்தானாலும் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியதில்லை. அந்த உறுதிதான் சோதனைச் சாவடியில் போயிற்று.

2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பிப் போனவர்கள் கண்டது இடிந்த சுவரும் சுவரில் முளைத்த ஆலமரமும். அன்று ஒரு குடும்பம் இருந்த வளவுக்கு இன்று நாலைந்து குடும்பங்கள் உரித்தாளிகள். வீட்டுத் திட்டத்தில் சேரக் காணி காட்டச் சொன்னால் இரண்டு பரப்பை எத்தனை பேருக்குப் பிரிப்பது? புத்தளத்தில் பிறந்து அங்கேயே மணமுடித்த மகள் வரத் தயங்குகிறாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. பத்து வருடத்துக்கு மேல் பிறர் கையில் இருந்த காணிகளில் ஆட்சியுரிமை வழக்கும் எழுந்தது. இடம்பெயர்ந்தோருக்கு நிவாரணம் தர 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதுவும் குறித்த காலத்துக்கு மட்டும்.

உறுதி தொலைந்தது என்று எண்ணி வாளாவிருக்கும் சகோதரிகள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். நொத்தாரிசு எழுதிய உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். உறுதி இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ, ஆண்டோ தெரிந்தால் தேடி எடுக்கலாம். எதுவும் நினைவில்லையென்றால் உம்மாவிடம் கேளுங்கள். நமது பழைய உறுதிகளில் எல்லைகள் அயலவர் பெயராலேயே எழுதப்பட்டிருக்கும்: கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் பெண்சாதியின் வளவு. அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் தில்லையடியிலும் நீர்கொழும்பிலும் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள்.