நிமிடத்திற்கு எத்தனை சொட்டு?

மருத்துவமனைக் கட்டிலருகே உயரமான தாங்கி ஒன்றில் பாட்டில் தலைகீழாகத் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்" என்பார்கள் வீட்டார். குளுக்கோஸ் மட்டுமல்ல, உப்புக் கரைசலும் பல மருந்துகளும் இவ்வாறே சிரைக்குள் செலுத்தப்படுகின்றன. காலரா நோயாளிகளுக்கு உப்புக் கரைசலை முதன்முதலில் இப்படிச் செலுத்தியவர் ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா, ஆண்டு 1832.

பாட்டிலை மாட்டிய நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டுகளை எண்ணுகிறார். ஏன் எண்ணவேண்டும்? பாட்டிலில் உள்ளது முழுவதும் உள்ளே போகத்தானே போகிறது? சற்று முன்பின் ஆனால் என்ன? விடை காணுமுன் இக்கருவி இயங்கும் விதத்தைப் பார்ப்போம்.

உயரமும் சக்கரமும்

கரைசலை உள்ளே தள்ளுவது பாட்டிலின் உயரமே. ஒரு மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தம் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் பாதரசம். படுத்திருப்பவரின் கைச் சிரையில் உள்ள அழுத்தம் இதைவிட மிகக் குறைவு. எனவே கரைசல் உள்ளே பாய்கிறது. பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்கினால் இரத்தம் குழாய்க்குள் ஏறிவரும். நோயாளி எழுந்து உட்கார்ந்தாலும், கையை மடக்கினாலும் வேகம் மாறும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தக் குழாயின்மீது ஒரு சிறு சக்கரம் உண்டு. அது குழாயை நெரித்து வழியைக் குறுக்குகிறது. மெல்லிய குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று கண்டறிந்தவர் பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய். ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும்! சக்கரத்தை மயிரிழை திருப்பினாலும் வேகம் வெகுவாக மாறுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

சொட்டு ஓர் அலகா?

மருத்துவர் எழுதுவது மில்லிலிட்டரில். நர்ஸ் எண்ணுவது சொட்டில். ஒன்றை மற்றொன்றாக மாற்றவேண்டும். ஆனால் எல்லாச் சொட்டும் ஒரே அளவல்ல. பரப்பு இழுவிசை தாங்கும் வரை சொட்டு முனையில் தொங்குகிறது. எடை மிஞ்சியதும் விழுகிறது. முனை மெல்லியதானால் சொட்டும் சிறியது.

நம் மருத்துவமனைகளில் உள்ள சாதாரணக் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மி.லி. குழந்தைகளுக்குப் பயன்படும் 'மைக்ரோ டிரிப்' குழாயில் 60 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மி.லி. இந்த எண் குழாயின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

கணக்கு எளியது. கன அளவை (மி.லி.) ஒரு மி.லி.க்குரிய சொட்டுகளால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்கவேண்டும். 500 மி.லி. கரைசலைச் சாதாரணக் குழாயில் 4 மணி நேரத்தில் ஏற்ற,

500 × 20 ÷ 240 = 41.7

அதாவது நிமிடத்திற்குச் சுமார் 42 சொட்டு.

இனி, 10 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு மணிக்கு 40 மி.லி. தரவேண்டும் என்று கொள்வோம். மைக்ரோ டிரிப் குழாயில் இது நிமிடத்திற்கு 40 சொட்டு. யாரோ தவறுதலாகச் சாதாரணக் குழாயை மாட்டிவிட்டு அதே 40 சொட்டை வைத்தால் என்ன ஆகும்? மணிக்கு 120 மி.லி. பாயும். பன்னிரண்டரை மணி நேரம் ஏறவேண்டிய அரை லிட்டர் பாட்டில், 4 மணி 10 நிமிடத்தில் காலியாகிவிடும். மிகுதியான நீர் நுரையீரலில் தேங்கி, குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்படலாம். கரைசல் சரி, எண்ணும் சரி; '40' என்னும் எண்ணுக்குரிய சொட்டுதான் மாறிவிட்டது.

பொட்டாசியம் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் பொட்டாசியம் குறைந்தவருக்கு இதை நீர்த்த கரைசலில் மெல்ல ஏற்றினால் இதயத் துடிப்பு சீராகும். விரைவாகச் செலுத்தினால் இதயமே நின்றுவிடக்கூடும். மருந்தா, நஞ்சா என்பதை அளவு மட்டுமன்றி வேகமும் தீர்மானிக்கிறது.

ஒரு புள்ளியின் விலை

எண்ணை எழுதும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 5.0 என்று எழுதினால் பத்தில் ஒரு பங்கு வரை அளந்தோம் என்று பொருள், ஆசிரியர் மகிழ்வார். மருந்துச் சீட்டிலோ அப்படி எழுதக்கூடாது. புள்ளி மங்கினால் 5.0 என்பது 50 ஆகிவிடும். அதேபோல் .5 என்று எழுதாமல் 0.5 என்றே எழுதவேண்டும்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் - இவ்வைந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்குமாறு செவிலியர் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று மின்பம்புகள் வேகத்தைக் காக்கின்றன. மற்ற வார்டுகளில் பெரும்பாலும் கண்ணும் கடிகாரமும்தான்.

எனவே மருத்துவமனையில் துணைக்கு இருக்கும்போது, "சீக்கிரம் முடியட்டும்" என்று அந்தச் சக்கரத்தை நீங்கள் திருப்பாதீர்கள். பிறரையும் திருப்ப விடாதீர்கள். சொட்டு நின்றாலோ விரைந்தாலோ நர்ஸை அழையுங்கள்.

செய்து பாருங்கள்: இங்க் ஃபில்லரால் இருமல் மருந்தின் அளவு மூடியில் 5 மி.லி. கோடு வரை தண்ணீரைச் சொட்டவிட்டு எண்ணுங்கள். பிறகு சோப்பு நீரில் செய்யுங்கள். எதில் சொட்டுகள் அதிகம்? ஏன்?