சிகரெட்டிலிருந்து மின்னணு சிகரெட்டுக்கு மாறினால் நுரையீரல் மீளுமா?

வானகரம், மதுரவாயல், பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகிய பகுதிகளிலிருந்து இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றுக்காக மருத்துவமனைக்கு வருவோரிடம் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்பது வழக்கம். "சிகரெட்டை விட்டுவிட்டேன், இப்போது வேப் மட்டும்தான்" என்பது அண்மைக் காலமாக, குறிப்பாக இளம் வயதினரிடமிருந்து, வரும் விடைகளுள் ஒன்று. அதனைத் தொடர்ந்து வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றே: "என் நுரையீரல் இனிச் சரியாகிவிடும் அல்லவா?"

இக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. நுரையீரலின் எப்பகுதி மீள்கிறது, எப்பகுதி மீளாது, மின்னணு சிகரெட் அம்மீட்சியில் எங்கே குறுக்கிடுகிறது என்பனவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• புகையிலைப் புகை நின்றவுடன் நுரையீரல் தன்னைச் சீர்செய்துகொள்ளத் தொடங்குகிறது. இப்பயனைத் தருவது புகை நின்றதுதான். மின்னணு சிகரெட்டுக்கு எந்தக் குணமாக்கும் ஆற்றலும் இல்லை.
• சிகரெட், மின்னணு சிகரெட் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோருக்கு மாற்றத்தின் பயன் பெரும்பாலும் கிடைப்பதில்லை.
• இந்தியாவில் மின்னணு சிகரெட்டின் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, சேமித்து வைத்தல் ஆகியவை 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.
• நிகோட்டினிலிருந்து முழுமையாக விடுபட, பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்ட மருந்துகளும் இலவச ஆலோசனையும் உள்ளன.

சிகரெட் புகை நுரையீரலுக்குச் செய்வது என்ன?

புகையிலை எரியும்போது 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்க வல்லவை. இப்புகை நான்கு வகைகளில் கேடு செய்கிறது.

முதலாவது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தைக் கைப்பற்றிக்கொள்கிறது. இரண்டாவது, மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் துடைப்பம்போல் அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளும் குற்றிழைகள் செயலிழக்கின்றன. மூன்றாவது, மூச்சுக்குழாய்ச் சுவர் அழற்சியால் தடித்துச் சளி பெருகுகிறது. நான்காவது, நுரையீரலின் நுனியிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன.

பீடி புகைப்போர் இதனைத் தமக்குப் பொருந்தாது எனக் கருதலாகாது. பீடி எளிதில் அணைந்துவிடும் இயல்புடையதாதலால் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியுள்ளது. எனவே அளவில் சிறியதாயினும் அதன் தீங்கு சிறியதன்று.

புகை முற்றிலும் நின்றால் எவை மீளும்?

ஒரு நாளுக்குள்: இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ இயல்பு நிலைக்கு இறங்குகிறது.

சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள்: குற்றிழைகள் மீண்டும் வளர்ந்து இயங்கத் தொடங்குகின்றன. தேங்கிய சளியை அவை வெளியேற்றுவதால், சிலருக்குத் தொடக்கத்தில் இருமல் சற்றே கூடும். "புகைத்தபோது வராத இருமல் விட்ட பிறகு வருகிறதே" என்று அஞ்சி மீண்டும் புகைக்கத் தொடங்க வேண்டா. ஆயினும் எவ்வகை இருமலாயினும் இரண்டு வாரங்களைக் கடந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். புகைப்போருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

ஓராண்டுக்குள்: இருமலும் சளியும் மூச்சிரைப்பும் படிப்படியாகக் குறைகின்றன.

ஆண்டுகள் செல்லச் செல்ல: முப்பது வயதைக் கடந்த எவருக்கும் நுரையீரலின் திறன் சிறிது சிறிதாகக் குறைவது இயல்பு, புகைப்போருக்கு இது விரைவாக நிகழ்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்றில், ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, புகைப்பதைத் தொடர்ந்த ஆண்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 66 மில்லிலிட்டரும், விட்ட ஆண்களுக்குச் சுமார் 30 மில்லிலிட்டரும் குறைந்தது. பதினோர் ஆண்டுக் கணக்கில் இவ்வேறுபாடு ஏறக்குறைய 400 மில்லிலிட்டர். மாடிப்படி ஏறுகையில் நின்று மூச்சு வாங்குவதா, நிற்காமல் ஏறுவதா என்பதை இவ்வளவே முடிவு செய்யக்கூடும்.

பத்து ஆண்டுகளில்: நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைப்போரோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாகிறது.

எது மீளாது?

சிதைந்த காற்றறைகள் மீண்டும் உருவாவதில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஏற்கெனவே உண்டானவருக்கு, இழந்த திறன் முழுமையாகத் திரும்பாது. ஆனால் எஞ்சிய திறனைக் காத்துக்கொள்ள இயலும். எனவே "இனி விட்டு என்ன பயன்?" என்று எண்ணுவோருக்கே புகையை நிறுத்துவதன் பயன் மிக விரைவில் தேவைப்படுகிறது.

மின்னணு சிகரெட்டுக்கு மாறியவரின் நிலை என்ன?

மின்னணு சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. மின்கலத்தால் சூடாகும் கம்பிச்சுருள், நிகோட்டினும் நறுமணப் பொருள்களும் கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது. பலர் நினைப்பதுபோல் அது நீராவியன்று. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின் ஆகியவற்றின் நுண்துளிகள் கலந்த படலமே நுரையீரலுக்குள் செல்கிறது.

எரிதல் இல்லாமையால் கார்பன் மோனாக்சைடும் தாரும் பெருமளவு குறைகின்றன. ஆகவே சிகரெட்டை ஒன்றுகூட விடாமல் முற்றிலும் நிறுத்திய ஒருவர், சில வாரங்களில் மூச்சு இலகுவாவதை உணர்வது உண்மையே. அவ்வுணர்வைப் பொய்யென்று கூறுவதற்கில்லை. எனினும் "மூச்சு இலகுவாகிவிட்டது; ஆகவே இது தீங்கற்றது" என்று அதிலிருந்து முடிவு செய்வது தவறு. காரணங்கள் பின்வருமாறு:

குற்றிழைகள்: நிகோட்டின் கலந்த ஆவி குற்றிழைகளின் அசைவைத் தளர்த்துவதும் சளியைக் கெட்டியாக்குவதும் ஆய்வகச் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளன. மீண்டெழ வேண்டிய துப்புரவு அமைப்புக்கு இது தடையாகிறது.

அழற்சி: திரவம் மிகுதியாகச் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் உண்டாகின்றன. கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் ஆவியில் கலக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமலும் இழுப்பும் கூடலாம்.

நறுமணப் பொருள்கள்: உணவில் சேர்க்க ஏற்றதாகக் கருதப்படும் ஒரு பொருள், மூச்சின் வழியே சென்றால் பாதுகாப்பானது என்று பொருளாகாது. குடல் தாங்குவதை நுரையீரல் தாங்குவதில்லை. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டைல் என்பதை மூச்சின் வழியே உட்கொண்ட தொழிலாளர்களுக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டமை அமெரிக்கப் பாப்கார்ன் தொழிற்சாலைகளில் முன்னரே காணப்பட்டது.

திடீர்ப் பாதிப்பு: 2019-இல் அமெரிக்காவில் மின்னணு சிகரெட் தொடர்பான கடும் நுரையீரல் பாதிப்பு பரவலாகக் காணப்பட்டது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தோர் 68 பேர். கஞ்சாச் சாறு கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் பொருளே முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. குப்பிக்குள் இருப்பது என்னவென்று வாங்குவோர் அறிய வழியில்லாதபோது நேரும் அபாயத்திற்கு இது சான்று.

நெடுங்கால விளைவு: இக்கருவி இன்றுள்ள வடிவில் 2003-இல் சீனாவில் உருவானது. நுரையீரல் புற்றுநோயும் அடைப்பு நோயும் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். ஆகவே இதனைப் பாதுகாப்பானது என்று சான்றளிக்கத் தேவையான காலம் இன்னும் கடக்கவில்லை.

"பகலில் வேப், இரவில் இரண்டு சிகரெட்" – இது பயன் தருமா?

பெரும்பாலும் தராது. மாறியதாகக் கூறுவோரில் பலர் உண்மையில் இரண்டையும் பயன்படுத்துகின்றனர். அலுவலகத்தில் மணமற்ற ஆவி. தேநீர்க் கடையில் வழக்கமான சிகரெட். இவர்களது உடலில் நச்சுப்பொருள்களின் அளவு, சிகரெட் மட்டும் புகைப்போரின் அளவுக்கு நெருக்கமாகவே உள்ளது. மேலும், நாளொன்றுக்கு ஒரு சிகரெட்டே ஆனாலும் இதய நோய் அபாயம் கணிசமாக உள்ளது. சிகரெட்டின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் அபாயமும் பாதியாகும் என்ற கணக்கு இங்குப் பொருந்தாது.

வெளிநாடுகளில் மருத்துவர்களே பரிந்துரைக்கின்றனரே?

இங்கிலாந்தில் புகைப்பதை நிறுத்தும் வழிகளுள் ஒன்றாக இது ஏற்கப்பட்டுள்ளது. அங்கு 886 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் மின்னணு சிகரெட் பெற்றோரில் 18 விழுக்காட்டினரும், நிகோட்டின் மாற்று மருந்து பெற்றோரில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டை விட்டிருந்தனர். இரு குழுவினருக்கும் வாரந்தோறும் நேரடி ஆலோசனை அளிக்கப்பட்டது. ஆனால் அவ்வாறு விட்டவர்களில், முதல் குழுவில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் மின்னணு சிகரெட்டைத் தொடர்ந்தனர். மாற்று மருந்துக் குழுவில் மருந்தைத் தொடர்ந்தோர் 9 விழுக்காட்டினர் மட்டுமே. ஒரு வாயிலை மூடியவர்கள் மற்றொரு வாயிலில் நின்றுவிட்டனர்.

அங்குத் திரவத்தில் நிகோட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்ற சட்ட வரம்பும் உண்டு. நம் நாட்டில் மறைவாக விற்கப்படுபவற்றுக்கு எந்தக் கண்காணிப்பும் இல்லை. உறையில் '5 விழுக்காடு' என்று இருந்தால் அது 50 மில்லிகிராம். அதாவது அவ்வரம்பைப் போல் இரண்டரை மடங்கு. உறையில் உள்ளதுதான் உள்ளேயும் இருக்கிறது என்பதற்கும் உறுதியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே மின்னணு சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது சட்டமாயிற்று. தயாரித்தல், விற்றல், இறக்குமதி செய்தல், விளம்பரம் செய்தல் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சேமித்து வைப்பதும் குற்றமே. இதற்காக அஞ்சி மருத்துவரிடம் மறைக்க வேண்டா. நீங்கள் கூறும் விவரம் சிகிச்சைக்காக மட்டுமே பயன்படும். அதனை மறைத்தால் நோயறிதல் தவறக்கூடும்.

முழுமையாக விடுபடுவது எப்படி?

ஏற்கெனவே மின்னணு சிகரெட்டுக்கு மாறியுள்ளவர் மீண்டும் சிகரெட்டுக்குத் திரும்புவது தீர்வன்று. கீழ்க்கண்ட வரிசையில் முயலுக.

1. சிகரெட்டை முற்றிலும் நிறுத்துக. "ஒன்றே ஒன்று" என்பதும் வேண்டா.

2. மின்னணு சிகரெட்டை நிறுத்துவதற்கு அடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளைக் குறித்து, அதனை வீட்டாரிடம் தெரிவித்திடுக.

3. மருத்துவரின் ஆலோசனையுடன் நிகோட்டின் மெல்லும் பசையைப் பயன்படுத்துக. இது 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவுகளில் உள்ளது. சாதாரணச் சூயிங்கம் போல் தொடர்ந்து மெல்லலாகாது. காரம் தோன்றும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும்; காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காப்பி, தேநீர் அருந்துதல் கூடாது. தேவையெனில் மருத்துவர் வேறு மாத்திரைகளையும் பரிந்துரைப்பார்.

4. வேட்கை எழும் வேளைகளை அறிந்துகொள்க. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தணியும். அந்நேரத்தில் தண்ணீர் அருந்துதல், ஆழ்ந்து மூச்சு விடுதல், இடத்தை விட்டு நகர்தல் ஆகியவை உதவும். எரிச்சல், தூக்கமின்மை ஆகியவை முதல் சில நாள்களில் மிகுந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கும்.

5. மற்ற புகைகளையும் தவிர்த்திடுக. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை, புறவழிச்சாலை ஆகியவற்றின் வாகனப் புகைக்கு நடுவே பணிபுரிவோரும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உலோகத் தூசியிலும் வண்ணப்பூச்சு ஆவியிலும் பணிபுரிவோரும் உரிய முகக்கவசம் அணிதல் வேண்டும். மீண்டு வரும் நுரையீரலுக்கு இச்சுமையும் குறைய வேண்டும்.

வீட்டார் கவனத்திற்கு

விட முயல்பவர் முதல் வாரத்தில் எரிந்து விழுவது நிகோட்டின் விலகலின் அறிகுறி. அதனைக் குணக்கேடாகக் கொள்ளாதீர்கள். மீண்டும் ஒரு முறை தவறினால் ஏளனம் செய்யாமல் மறுநாளே தொடங்க ஊக்குவியுங்கள். பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிகளுக்குப் பின்னரே வெல்கின்றனர். நிகோட்டின் திரவத்தைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகைய குப்பி எதுவும் வீட்டில் இருக்கலாகாது. எழுதுகோல் போலவோ மின் சேமிப்புக் கருவி போலவோ தோன்றும் பொருளைப் பிள்ளைகளிடம் கண்டால், அடிப்பதைவிட அமர்ந்து பேசுவதே பயன் தரும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல்
• சளியில் இரத்தம்
• நெஞ்சு வலி, உதடு அல்லது விரல் நுனி நீலமாதல்
• காய்ச்சல், வாந்தியுடன் விரைவாக மோசமடையும் மூச்சிரைப்பு
• காரணமின்றி எடை குறைதல், குரல் கம்முதல்

அவசர நிலையில் 108-ஐ அழையுங்கள்.

எங்கு உதவி பெறலாம்?

அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதற்கட்டப் பரிசோதனையும் சளிப் பரிசோதனைக்கான வழிகாட்டுதலும் இலவசமாகக் கிடைக்கும். மேற்குப் புறநகர்ப் பகுதியினர் பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் அரசு மருத்துவமனைகளை அணுகலாம். நுரையீரல் திறனை அளக்கும் ஊதல் பரிசோதனை தேவைப்படின், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற உயர் நிலையங்களுக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356 கட்டணமில்லாதது. தமிழிலும் ஆலோசனை பெறலாம். பொதுவான உடல்நல ஐயங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

புகையிலிருந்து ஆவிக்கு மாறியவர் பாதி வழி வந்துள்ளார். அங்கேயே நின்றுவிடாமல் எஞ்சிய வழியையும் கடந்தால்தான் நுரையீரலின் மீட்சி முழுமை பெறும்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரைக் கலந்தே முடிவு செய்க.