ஏர் பிரேக் கம்ப்ரசர் பராமரிப்பு

ஏர் பிரேக் கம்ப்ரசர் என்பது லாரி, பேருந்து, டிரெய்லர் போன்ற கனரக வாகனங்களின் பிரேக் அமைப்புக்குத் தேவையான அழுத்தக் காற்றைத் தயாரிக்கும் கருவி ஆகும். இது காற்றழுத்தி, காற்று அமுக்கி என்றும் அழைக்கப்படுகிறது. கார்களின் பிரேக்கில் திரவம் செய்யும் வேலையைக் கனரக வாகனங்களில் காற்று செய்கிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயில்களுக்காகக் காப்புரிமை பெற்ற காற்றுப் பிரேக்கே இதன் முன்னோடி. இந்தியாவில் 1962-ல் சென்னையில் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் வாகனங்களுக்கான ஏர் பிரேக் கருவிகளைத் தயாரித்தது.

செயல்படும் விதம்

கம்ப்ரசர் எஞ்சினோடு இணைக்கப்பட்டிருக்கும். கியர் அல்லது பெல்ட் வழியாக எஞ்சின் அதைச் சுழற்றுகிறது. உள்ளே உள்ள பிஸ்டன் கீழிறங்கும்போது வடிகட்டப்பட்ட காற்று உள்ளே வருகிறது. மேலேறும்போது அது அழுத்தப்பட்டு, வெளியேற்றுக் குழாய் வழியாக ஏர் டேங்குக்குச் செல்கிறது. பெரும்பாலான கம்ப்ரசர்களுக்கு எஞ்சின் ஆயிலே மசகு எண்ணெயாகும். குளிர்விப்பது எஞ்சினின் குளிர்விப்பு நீர் அல்லது வெளிக்காற்று.

எஞ்சின் ஓடும் வரை கம்ப்ரசரும் சுழலும். ஆனால் எப்போதும் அது காற்றை நிரப்புவதில்லை. டேங்கின் அழுத்தம் மேல் எல்லையைத் தொட்டதும் கவர்னர் என்னும் கருவி நிரப்புதலை நிறுத்துகிறது. கீழ் எல்லைக்கு இறங்கியதும் மீண்டும் தொடங்கச் செய்கிறது. பல வாகனங்களில் மேல் எல்லை சுமார் 120 பி.எஸ்.ஐ. (8.3 பார்), கீழ் எல்லை சுமார் 100 பி.எஸ்.ஐ. (6.9 பார்). சரியான அளவை வாகனத் தயாரிப்பாளரின் கையேட்டில் காண வேண்டும்.

பழுது ஏற்படும் காரணங்கள்

காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். கம்ப்ரசரை விட்டு வெளியேறும் காற்றின் வெப்பம் 150 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. நிரப்புதல் நின்றிருக்கும் இடைவேளையில்தான் கம்ப்ரசர் ஆறுகிறது. குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு இருந்தால் இந்த ஓய்வு கிடைக்காது. சூடு ஏறும், பிஸ்டன் வளையத்தைத் தாண்டி வரும் ஆயில் கருகிக் கரியாக மாறி வெளியேற்றுக் குழாயில் படியும். குழாய் குறுகுவதால் கம்ப்ரசர் இன்னும் கடுமையாக உழைக்க, சூடு மேலும் கூடும். எனவே எங்கோ ஒரு மூலையில் உள்ள சிறு கசிவும் கம்ப்ரசரின் ஆயுளைக் குறைக்கும்.

அடைபட்ட ஏர் ஃபில்டர் மற்றொரு காரணம். போதிய காற்று கிடைக்காதபோது பிஸ்டனின் உறிஞ்சல் ஆயிலை மேலே இழுக்கிறது. அந்த ஆயில் காற்றோடு சென்று வால்வுகளின் ரப்பர் பாகங்களை உப்பச் செய்கிறது, ஏர் ட்ரையரையும் பயனற்றதாக்குகிறது.

சோதனைக்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். குழாய் எதையும் கழற்றுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, எல்லா டேங்குகளிலும் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அழுத்தத்தோடு கழலும் குழாய் சாட்டைபோல் அடிக்கும். பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் அறையைப் பயிற்சி இல்லாதவர்கள் திறக்கவே கூடாது. உள்ளே அடக்கப்பட்டுள்ள ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

சோதிக்கும் முறை

1. கண்ணால் பார்த்தல்: போல்ட்டுகளின் இறுக்கம், பெல்ட்டின் தொய்வும் வெடிப்பும், ஆயில் மற்றும் நீர்க் கசிவு, குழாய்களின் உராய்வு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

2. காற்று நிரம்பும் நேரம்: அமெரிக்க ஓட்டுநர் தேர்வு விதிப்படி, இரட்டைக் காற்று அமைப்புள்ள வண்டியில் எஞ்சின் இயங்கு வேகத்தில் இருக்கும்போது அழுத்தம் 85-லிருந்து 100 பி.எஸ்.ஐ.க்கு 45 விநாடிக்குள் ஏற வேண்டும். டேங்குகள் பெரியவையாக இருந்தால் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம்.

3. கவர்னர்: முள் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பிரேக்கைப் பலமுறை மிதித்து அழுத்தத்தைக் குறைத்து, நிரப்புதல் எந்த அளவில் மீண்டும் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

4. கசிவு: அழுத்தம் நிறைந்தபின் எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை முழுவதும் மிதித்துப் பிடிக்க வேண்டும். அதே விதிப்படி, முதல் இறக்கத்துக்குப் பின் ஒரு நிமிடத்தில் தனி வண்டியில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேலும், டிரெய்லர் இணைந்த வண்டியில் 4 பி.எஸ்.ஐ.க்கு மேலும் குறையக் கூடாது. கசியும் இடத்தைச் சோப்பு நீர் தடவிக் கண்டுபிடிக்கலாம்.

5. டேங்க் வடித்தல்: சிறிதளவு நீர் வருவது இயல்பு. ஏர் ட்ரையர் இருந்தும் நீர் அதிகம் வந்தால் அதன் வடிகட்டியை மாற்ற வேண்டும். பால் நிறக் குழம்போ ஆயிலோ வந்தால் கம்ப்ரசர் ஆயில் தள்ளுகிறது என்று பொருள்.

பழுதை இனங்காணல்

காற்று மெதுவாக நிரம்பினால் உடனே கம்ப்ரசரை மாற்றுவது தவறு. முதலில் கசிவு, பிறகு ஏர் ஃபில்டர், பெல்ட், கவர்னர், வெளியேற்றுக் குழாயின் கரிப் படிவு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால் மட்டுமே வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றின் தேய்மானத்தை ஆராய வேண்டும். மூலக் காரணத்தை நீக்காமல் பொருத்தும் புதிய கம்ப்ரசரும் விரைவில் பழுதாகும்.

முக்கியத்துவம்

ஓடும் வழியில் கம்ப்ரசர் நின்றாலும் டேங்கில் உள்ள காற்று சில முறை பிரேக் பிடிக்கப் போதுமானது. சுமார் 60 பி.எஸ்.ஐ. அளவில் எச்சரிக்கை விளக்கோ ஒலியோ இயங்கும். அழுத்தம் மேலும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கை அடிக்கடி மிதிக்கும்போது, பலவீனமான கம்ப்ரசரால் செலவாகும் காற்றை ஈடுகட்ட முடியாது. ஆகவே எச்சரிக்கை வந்ததும் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். பழுது நீங்கும் வரை எடுக்கக் கூடாது.