பிண்டி பூத்த சோலை

மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனிக் காலம். வங்கத்தாருக்கோ ஏறத்தாழ அதே இரு திங்கள்களும் வசந்தம். ஆதலால் கொல்கத்தாவில் பயிலும் நாம் வேனில் மலர்களைச் சற்று முன்னரே காணும் பேறு பெற்றிருக்கிறோம்.

அம்மலர்களைக் காண விரும்பி, ஊக்ளி ஆற்றின் மேல்கரையில் சிப்பூரிலுள்ள தாவரவியல் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். 1787-இல் இராபர்ட் கிட் தோற்றுவித்த சோலை அது; 2009 முதல் அறிஞர் ஜகதீச சந்திர போசின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குச் செல்வோர் பலரும் பெரிய ஆலமரத்தை நோக்கியே விரைவர். மாசியில் செல்வோர் காணவேண்டிய மரம் மற்றொன்று உண்டு. அதுவே அசோகு. நம் பழம்புலவர் அதனைப் பிண்டி என்றனர்.

இலவும் பலாசும் இலை உதிர்த்துப் பூப்பவை. தொலைவிலேயே கண்ணைக் கவரும். அசோகோ இலை அடர்ந்த மரம். அருகில் சென்றால்தான் அதன் அழகு புலப்படும். பூங்கொத்துகள் கிளையையும் அடிமரத்தையும் ஒட்டியே மலர்கின்றன. பார்வைக்கு வெட்சிக் கொத்துப் போலத் தோன்றும். முதலில் மஞ்சள் கலந்த செம்மை; நாள் செல்லச் செல்ல முழுச் செம்மை. உண்மையில் அப்பூவுக்கு இதழே இல்லை. இதழெனத் தோன்றுவது நிறம் பெற்ற புல்லிவட்டமே! செம்பு நிறத் தளிர்களோ துவண்டு தொங்குகின்றன.

"அசோகா எங்கள் தெருவிலேயே இருக்கிறதே" என்று நண்பர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சுட்டுவது நெட்டிலிங்கத்தை. தூண் போல் உயர்ந்து, அலை போன்ற ஓரமுடைய தனியிலைகளோடு நிற்பது நெட்டிலிங்கம். அதன் பூ வெளிர்பச்சை. அசோகின் இலையோ கூட்டிலை; ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இணையிணையாக இருக்கும்.

பெயர் மாறினால் என்ன கேடு என வினவலாம். கேடு உண்டு. அசோகின் பட்டை மகளிர் நோய்க்கு மருந்தென ஆயுர்வேதம் கூறும். அதனால் காட்டு மரங்களில் பட்டையை உரித்தனர். இன்று அழியும் இடருக்குள்ளான இனங்களின் உலகப் பட்டியலில் அசோகும் இடம்பெற்றுள்ளது. மருந்துச் சந்தையில் நெட்டிலிங்கப் பட்டை அதன் பெயரால் கலக்கப்படுகிறது. தெருவெல்லாம் அசோகு நிற்பதாக நம்புகிறவன், காட்டில் அது குறைவதை எவ்வாறு உணர்வான்?

1793-இல் இப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற இராக்ஸ்பரோ, அதற்கு முன் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். ஆசியக் கழகத்தை 1784-இல் நிறுவிய வில்லியம் ஜோன்சைப் போற்றி, இம்மரத்திற்கு ஜோன்சியா அசோகா என்று பெயரிட்டார். இன்றைய அறிவியல் பெயர் சராக்கா அசோகா. ஜோன்சின் பெயர் நீங்கிற்று, அசோகு நிலைத்தது.

காமன் கணை ஐந்தனுள் ஒன்று அசோக மலர். அருகன் வீற்றிருப்பது அசோகின் நிழலில். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களில் பிண்டியும் உண்டு, பலாசும் உண்டு. நூலில் பயின்ற பெயர்களுக்கு உயிருள்ள உருவம் ஆற்றின் அக்கரையில் நிற்கிறது. நண்பர்களே, பங்குனி முடியுமுன் ஒருநாள் சென்று காணுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நெட்டிலிங்கம் எது, பிண்டி எது என்று தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுங்கள்.