மறக்கவே மறக்காத சமன்பாடு... அரை வகைக்கெழுவிடம் கம்ப்யூட்டர் திணறுவது ஏன்?

மெமரி ஃபோம் மெத்தையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பள்ளம் உடனே மறையாது, மெல்ல மெல்லத்தான் மேலே வரும். எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் அழுத்தினோம் என்பது அதற்கு ‘ஞாபகம்’ இருக்கும். இப்படிப்பட்ட பொருட்களைக் கணக்குக்குள் கொண்டுவர உதவுபவைதான் பின்ன வகைக்கெழுச் சமன்பாடுகள்.

அது என்ன பின்ன வகைக்கெழு?

ப்ளஸ் டூ கணக்கில் ஒருமுறை வகையிடுவோம், இருமுறை வகையிடுவோம். அரை முறை வகையிட்டால்? கேள்வியே ஏடாகூடமாக இருக்கிறதல்லவா? ஆனா 1695-லேயே லைப்னிட்ஸ், லோபிதாலுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பேசிவிட்டார். ரப்பர் மாதிரியான பொருட்களுக்கு இது ஏன் பொருந்துகிறது என்று பேக்லி, டோர்விக் இருவரும் 1983-ல் விளக்கினார்கள்.

கம்ப்யூட்டர் எப்படிக் கணக்கிடும்?

க்ருன்வால்ட் (1867), லெட்னிகோவ் (1868) தந்த வழிதான் இருப்பதிலேயே எளிது. நேரத்தைச் சின்னப் படிகளாக நறுக்க வேண்டும். சாதாரண வகைக்கெழு என்றால், இப்போதைய மதிப்பில் முந்தைய மதிப்பைக் கழித்து, படியின் நீளத்தால் வகுத்தால் முடிந்தது. அதாவது எடைகள் 1, -1. அதற்கு முன்னாடி எல்லாமே 0.

அரை வகைக்கெழுவுக்கு எடைகள் 1, -0.5, -0.125, -0.0625, -0.039... இப்படியே போகும். பூஜ்ஜியம் வரவே வராது! முதல் நொடி வரைக்கும் எல்லா மதிப்பையும் எடுத்துக் கூட்டி, படி நீளத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்.

அதனால் 10,000 படிகளுக்குச் சுமார் 5 கோடி பெருக்கல். 10 லட்சம் படிகள் என்றால் 50,000 கோடி.

பழசை வெட்டிவிட்டால் என்ன?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நூறாவது எடை வெறும் 0.0003, தூசி மாதிரி. ஆனா அதற்குப் பின்னால் வரும் தூசியை எல்லாம் கூட்டினால் 0.056! மெத்தையை ஒரே ஆழத்தில் அழுத்திப் பிடித்திருந்தால், அது திருப்பித் தள்ளும் விசை குறைந்துகொண்டே போக வேண்டும். வெட்டிய கணக்கில் ஓர் இடத்தோடு அது அப்படியே நின்றுவிடும். கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். நீண்ட காலம் அழுந்திக் கிடக்கும் ரப்பரைக் கணக்கிடுபவருக்கு இது சின்னத் தப்பு இல்லை.

அப்போ வழி?

மளிகைக்கடைக் கடன் நோட்டில் பழைய பக்கத்தை எல்லாம் புரட்டுவதில்லை, ‘முன்பாக்கி’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அதுபோலப் பழைய மதிப்புகளைச் சில பத்து முன்பாக்கிகளாகச் சுருக்கிவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் தேயும், சில சீக்கிரம், சில மெதுவாக. ஒவ்வொரு படியிலும் அவற்றைப் புதுப்பித்தால் போதும். பிழையும் கட்டுக்குள் நிற்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆரம்பத்தில் விடை சட்டென்று மாறும். அதனால் அங்கே பொடிப் பொடியாகவும், போகப்போகப் பெரிதாகவும் படிகளை வைக்கிறார்கள்.