மண்ணில் தங்கிய விஷம் – 9
ஜின்சு நதிக்கரை வயல்கள்

ஜப்பானின் டோயாமா சமவெளியில் காலங்காலமாக நெல்லுக்குப் பாய்ந்தது ஜின்சு ஆற்றுத் தண்ணீர்தான். ஆற்றின் மேல்பகுதியில், மலைக்குள் இருந்தது கமியோகா சுரங்கம். மிட்சுயி நிறுவனம் அங்கே துத்தநாகமும் ஈயமும் எடுத்தது. துத்தநாகத் தாதுவில் காட்மியமும் சேர்ந்தே இருக்கும். தாதுவைப் பொடியாக அரைத்துப் பிரித்தபின் மிஞ்சிய கழிவு ஆற்றில் கலந்தது. போர்க்காலத்தில் உற்பத்தி பெருகியது, கழிவும் பெருகியது.

வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நுழையும் மடைவாயில்தான் வண்டல் முதலில் படியும். அங்கே நின்ற பயிர்தான் மற்றதைவிட மோசமாகச் சவலை பாய்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் அவ்வளவுதான். வயலில் தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் கந்தகத்தோடு பிணைந்து மண்ணில் அடங்கிக் கிடக்கும். தண்ணீரை வடித்ததும் மண்ணில் காற்றுப் பட்டு அந்தப் பிணைப்பு விட்டுப்போகும். வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். அரிசியைப் பார்த்தோ முகர்ந்தோ யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. உடம்பின் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் வெளியேறி எலும்பு மெலிந்தது. நடுவயது தாண்டிய, பல பிள்ளைகள் பெற்ற பெண்களைத்தான் நோய் அதிகம் தாக்கியது. இருமினாலே விலா எலும்பு முறியும். உயரமே 30 சென்டிமீட்டர் குறைந்துபோன நோயாளியும் உண்டு. ‘வலிக்குதே, வலிக்குதே’ என்ற அவர்களின் கதறலே நோய்க்குப் பெயராயிற்று: இத்தாய் இத்தாய். உள்ளூர் மருத்துவர் நொபோரு ஹகினோ, இதற்குக் காரணம் சுரங்கம்தான் என்று விடாமல் சொன்னார். 1968-இல் அரசு அதை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நோயாளிகளும் குடும்பத்தினரும் வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் வென்றார்கள், நிறுவனத்தின் மேல்முறையீடும் 1972 ஆகஸ்ட்டில் தோற்றது.

நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால், தீர்ப்பு வந்த கையோடு டோக்கியோவில் நிறுவனத்தின் தலைமையகத்தில் போய் உட்கார்ந்தார்கள். நோயாளிகளுக்கு இழப்பீடு, வயலுக்கு மண் சீரமைப்பு என்று இரண்டு உறுதிமொழிகளை எழுதி வாங்கினார்கள். கூடவே ஓர் ஒப்பந்தம்: எப்போது வேண்டுமானாலும், நாங்கள் தேர்ந்தெடுத்த நிபுணர்களோடு ஆலைக்குள் வந்து சோதிப்போம்; செலவு நிறுவனத்துடையது. இந்தத் தொடரில் நாம் பார்க்கும் ஊர்களிலேயே மக்கள் கைக்கு வந்த மிகப் பெரிய ஆயுதம் இதுதான் என்பேன். அதன்பின் ஆண்டுதோறும் விவசாயிகள் உள்ளே போய்க் கழிவுநீர்க் குழாயிலிருந்து புகைபோக்கி வரை பார்த்தார்கள். ஆற்றில் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியது.

மண் அவ்வளவு சீக்கிரம் மசியவில்லை. ஆற்றில் வந்தது ஓடிப்போகும், வயலில் படிந்தது எங்கும் போகாது. விஷம் ஏறிய மேல்மண்ணை வழித்தெடுத்து ஆழத்தில் புதைத்தார்கள். வேர் அங்கே இறங்காதபடி மேலே ஒரு கெட்டியான அடுக்கு. அதற்கும் மேலே மலையிலிருந்து கொண்டுவந்த புதுமண். மலைமண்ணில் சத்து கிடையாது. உரமிட்டுத் தேற்ற வேண்டியிருந்தது. 1979-இல் தொடங்கிய வேலை 2012-இல்தான் முடிந்தது. சீரானது 863 ஹெக்டேர், செலவு சுமார் 4,070 கோடி யென். அப்பா தொடங்கிய வழக்கின் பலனை மகனோ பேரனோதான் நாற்று நட்டுப் பார்த்திருப்பான்.

சுரங்கத்தில் தாது வெட்டுவது 2001-இல் நின்றது. அதே மலையின் அடியில் இன்று விஞ்ஞானிகள் நியூட்ரினோக்களை ஆராய்கிறார்கள். ஆனால், உருக்காலை இயங்குகிறது, பழைய கழிவுத் தேக்கங்களும் அங்கேயே இருக்கின்றன. அதனால் ஆய்வையும் ஊர்க்காரர்கள் நிறுத்தவில்லை.

சுரங்கத்துக்கோ ஆலைக்கோ பக்கத்தில் வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒப்பந்தம் என்று பேச்சு வந்தால், தொகையைப் பற்றிப் பேசும் முன், உள்ளே வந்து சோதிக்கும் உரிமையை எழுத்தில் கேளுங்கள்.

(தொடரும்)